தாமஸ் பியூயிக்: மரக்கட்டையில் படம் செதுக்கியவர்

தாமஸ் பியூயிக் (1753–1828) இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர். நூல்களுக்குப் படம் வரைவதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். அவருடைய 'நாற்கால் விலங்குகளின் பொது வரலாறு' (1790), 'பிரித்தானியப் பறவைகளின் வரலாறு' (முதல் தொகுதி 1797, இரண்டாம் தொகுதி 1804) ஆகிய நூல்கள் ஆங்கில நூல்களில் படம் பெறும் இடத்தையே மாற்றின. அவர் எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். நாய்க் கழுத்துப்பட்டையில் பெயர் வெட்டும் ஒரு பட்டறையில் தொழில் பழகியவர். தலைநகரில் தங்காமல் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே இருந்து பணி செய்தவர். படம் வரைபவரும் ஒரு நூலின் ஆசிரியரே என்பதைத் தம் வாழ்நாளில் நிலைநாட்ட வேண்டிய நிலையும் அவருக்கு ஏற்பட்டது.

இளமை

பியூயிக் 1753 ஆகஸ்டில் நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் செர்ரிபர்ன் என்னும் சிறு பண்ணை வீட்டில் பிறந்தார். டைன் ஆற்றின் தென்கரையில், நியூகாசில் நகரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 12 மைல் தொலைவில் இந்த இடம் உள்ளது. தந்தை ஜான் பியூயிக் சிறிதளவு நிலத்தில் பயிரிட்டதோடு, அருகிலுள்ள மிக்லியில் ஒரு சிறு நிலக்கரிச் சுரங்கத்தையும் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். எட்டுக் குழந்தைகளில் தாமஸ் மூத்தவர்.

ஆற்றின் மறுகரையில் இருந்த ஓவிங்கம் ஊரின் பாதிரியாரிடம் அவர் கல்வி கற்றார். படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. கணக்குப் போட வேண்டிய கற்பலகையிலும், பாடப்புத்தகத்தின் ஓரங்களிலும் படம் வரைந்தார். அங்கே இடம் தீர்ந்ததும் கல்லறைக் கற்களிலும் தேவாலய முகப்பின் தரையிலும் சுண்ணக்கட்டியால் வரைந்தார். வீட்டில் அடுப்பங்கரைக் கல்லும் அவருக்குப் பலகையாயிற்று. இதைக் கண்டு இரங்கிய ஒருவர் காகிதம் வாங்கிக் கொடுத்தார். பேனா, மை ஆகியவற்றுடன் காட்டுப் பழச்சாற்றையும் வண்ணமாகப் பயன்படுத்தினார். அக்காலத்தில் அவர் பார்த்திருந்த ஓவியங்கள், தேவாலயத்தில் இருந்த அரசச் சின்னமும் விடுதிகளின் பெயர்ப்பலகைகளும் மட்டுமே. பிறகு அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் தங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வேட்டைக் காட்சிகளை வரைந்து தரும்படி அவரிடம் கேட்டனர். அந்தப் படங்களில் இருந்த வேட்டைக்காரர்களையும் குதிரைகளையும் நாய்களையும் ஊரார் அடையாளம் கண்டுகொண்டனர்.

இந்த இளமைப்பருவத்தில் அவர் பெற்றது ஓவியப் பயிற்சி அன்று, பார்வைப் பயிற்சி. ஆற்று மீன், வரப்போரப் பறவை, பனியில் ஒடுங்கி நிற்கும் ஆடு, வழிப்போக்கன், பிச்சைக்காரன் என அவர் பின்னாளில் செதுக்கிய பெரும்பாலானவை இந்தச் சில மைல் சுற்றளவுக்குள் அவர் கண்டவையே.

பட்டறைப் பயிற்சி

1767 அக்டோபர் 1 அன்று, 14 வயதில், பியூயிக் நியூகாசில் நகரச் செதுக்கு வேலைக்காரரான ரால்ஃப் பெய்ல்பியிடம் ஏழாண்டுக் காலத்திற்குத் தொழில் பழகச் சேர்ந்தார். அக்கால வழக்கப்படி பழகுநர் தம் குருவின் வீட்டிலேயே தங்கி, அவர் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும்.

பெய்ல்பியின் பட்டறைக்குக் கலை என்ற பெயரில் எந்த வேலையும் வரவில்லை. வீட்டுக் கதவுகளுக்கான பித்தளைப் பெயர்த்தகடு, வெள்ளிக் கரண்டியில் குடும்ப முத்திரை, கடிகார முகம், சவப்பெட்டித் தகடு, நாய்க் கழுத்துப்பட்டை, கடைக்காரர்களின் விலைச்சீட்டுத் தலைப்பு ஆகியவையே அன்றாட வேலைகள். உலோகத்தில் கோடு வெட்டும்போது உளி ஒருமுறை வழுக்கினால் பொருள் கெட்டுவிடும். இந்த வேலைகள் பியூயிக்கின் கைக்கு உறுதியைத் தந்தன.

மரச்செதுக்கு வேலையைப் பெய்ல்பி விரும்பவில்லை. அத்தகைய வேலை வந்தால் பையனிடம் தள்ளிவிடுவார். பியூயிக்கின் வாழ்க்கை திரும்பியது இதனால்தான். அப்போது நியூகாசிலில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னாளில் புகழ்பெற்ற கணிதவியலாளரான சார்லஸ் ஹட்டன், அளவையியல் பற்றிய தம் நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியிருந்தார். அந்த நூலின் வடிவியல் படங்களை மரத்தில் செதுக்கும் பணி பியூயிக்கிடம் வந்தது. வட்டங்கள், முக்கோணங்கள், வளைகோடுகள் ஆகியவற்றைப் பிசகின்றிச் செதுக்கியதே மரத்தில் அவர் செய்த முதல் பெரிய பணி.

கட்டையும் உளியும்

பியூயிக் செய்தது என்ன என்பதை அறிய, அக்கால அச்சு முறையைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு நூலில் படம் சேர்க்க இரு வழிகள் இருந்தன.

முதல் வழி செப்புத் தகடு. இதில் கோடுகள் பள்ளமாக வெட்டப்படும். பள்ளத்தில் மை நிரப்பி, உருளைப் பொறியில் அழுத்திக் காகிதத்தில் எடுக்க வேண்டும். நுணுக்கமான படம் கிடைக்கும். ஆனால் ஈய எழுத்துகளில் மை மேற்பரப்பில் நிற்பதால், எழுத்தையும் தகட்டையும் ஒரே பொறியில் சேர்த்து அச்சிட முடியாது. படத்தைத் தனித்தாளில் அச்சிட்டு நூலில் சேர்ப்பதால் செலவு கூடும்.

இரண்டாவது வழி மரக்கட்டை. இதில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்கள் நீக்கப்படும். எஞ்சி நிற்கும் மேற்பரப்பில் மை ஒட்டும். கட்டையை அச்செழுத்தின் உயரத்திற்கே அமைத்தால், எழுத்தோடு சேர்த்துப் பூட்டி ஒரே பொறியில் ஒரே அழுத்தில் அச்சிடலாம். செலவு குறைவு. ஆனால் பழைய மரச்செதுக்கு முரடானது. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் வெட்டினால் நார் பெயரும். மெல்லிய கோடு நிற்காது. ஆகவே பியூயிக்கின் இளமைக்காலத்தில் மரப்படம் என்றால் தெருப்பாட்டுத் தாள்களுக்கும் மலிவுப் புத்தகங்களுக்கும் உரியது என்றே கருதப்பட்டது.

பியூயிக் பயன்படுத்தியது பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகம். மரத்தைக் குறுக்காக அறுத்துக் கிடைக்கும் அந்த முகத்தில் நார்கள் செங்குத்தாக நிற்பதால், உளி எந்தத் திசையிலும் தடையின்றிச் செல்லும். பாக்ஸ் மரம் மிகக் கடினமானது. எனவே இலட்சக்கணக்கான படிகளையும் தாங்கும். அடிமரம் தடிமனற்றது என்பதால் கட்டைகள் சிறியவையாகவே கிடைக்கும். பியூயிக்கின் படங்களில் பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்குவதற்குக் காரணம் இதுவே.

குறுக்குவெட்டு மரத்தைப் பயன்படுத்தும் முறை அவருக்கு முன்பே இருந்தது. அவர் செய்தது, செப்புத் தகட்டில் பழகிய நுண்ணிய செதுக்குளியையும் அந்தக் கைப்பழக்கத்தையும் இந்த மரத்திற்குக் கொண்டுவந்ததே. முந்தையவர்கள் கறுப்புக் கோட்டைச் சுற்றியிருந்த மரத்தை நீக்கினர். பியூயிக் கறுப்புப் பரப்பிலிருந்து வெள்ளைக் கோடுகளை உளியால் இழுத்து எடுத்தார். இருட்டில் தொடங்கி வெளிச்சத்தைச் சேர்ப்பது போன்றது இது. இறகின் மென்மை, நாயின் மயிர், ஓடும் நீரின் பளபளப்பு ஆகியவை இவ்வாறு மரத்தில் சாத்தியமாயின. மேலும், தொலைவில் உள்ள மலையும் மரமும் மங்கலாகத் தெரிய வேண்டிய இடங்களில் கட்டையின் மேற்பரப்பை மிகச் சிறிதளவு தாழ்த்தினார். அங்கே அழுத்தம் குறைந்து, மை இலேசாக விழுந்து, சாம்பல் நிறம் கிடைத்தது.

லண்டன் பயணம்

1774-இல் பயிற்சிக் காலம் முடிந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள், நீதிக்கதை நூல் ஒன்றுக்காக அவர் செதுக்கிய படங்களுக்கு லண்டனின் கலைச் சங்கம் பரிசு வழங்கியது. பதக்கத்திற்குப் பதிலாக 7 கினி பணத்தைப் பெற்றுக்கொண்ட அவர், அதைத் தம் தாயிடம் கொடுத்தார்.

1776-இல் ஸ்காட்லாந்தில் நெடுந்தொலைவு கால்நடையாகச் சுற்றினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் கப்பலேறி லண்டன் சென்றார். அங்கு வேலைக்குக் குறைவில்லை. இருந்தும் நகரத்தின் நெரிசலும், செல்வமும் வறுமையும் அருகருகே கிடந்த காட்சியும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஆண்டு முடிவதற்குள், 1777-இல், ஊர் திரும்பினார். பதிப்பகங்களும் புரவலர்களும் நிறைந்த தலைநகரை விட்டு வந்தது தொழில் நோக்கில் இழப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் வரைய விரும்பியவை லண்டனில் இல்லை.

திரும்பி வந்தவரைப் பெய்ல்பி தம் பட்டறையில் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார். தம்பி ஜான் அதே பட்டறையில் பழகுநரானார். 1785-இல் பெற்றோர் இறக்கும் வரை, வாரந்தோறும் பியூயிக் நியூகாசிலிலிருந்து செர்ரிபர்னுக்கு நடந்து சென்றுவந்தார். மழையிலும் பனியிலும் நடந்த இந்த நடைகளில் அவர் கண்டவை பின்னாளில் அவருடைய சிறு படங்களுக்குக் கருப்பொருளாயின.

நாற்கால் விலங்குகள்

குழந்தைகள் படிக்கும் விலங்கு நூல்களில் உள்ள படங்கள் மோசமாக இருப்பது பியூயிக்கைச் சிறுவயது முதலே உறுத்தி வந்தது. நல்ல படங்களுடன் ஒரு நூல் வெளியிட வேண்டும் என்று எண்ணினார். பெய்ல்பியும் அச்சகத்தார் சாலமன் ஹாட்ஜ்சனும் இதில் பங்கு சேர்ந்தனர். 1785 நவம்பரில், தம் தந்தை இறந்த நாளில், ஒற்றைத்திமில் ஒட்டகத்தின் படத்தைச் செதுக்கிப் பணியைத் தொடங்கினார்.

பகல் முழுவதும் பட்டறையின் வழக்கமான வேலை. நூலுக்கான கட்டைகளைச் செதுக்கியது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான். இதனால் நூல் வெளிவர ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆயின. 1790-இல் நியூகாசிலிலேயே அச்சாகி வெளிவந்த நூல் விரைவில் விற்றது. 1824-க்குள் எட்டுப் பதிப்புகள் கண்டது.

இந்நூலின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். அவர் நேரில் கண்ட நாய், குதிரை, மாடு, ஆடு, நரி ஆகியவை உயிரோடு நிற்கின்றன. ஊருக்கு வந்த விலங்குக் காட்சிக் கூடாரங்களில் பார்த்த சில அயல்நாட்டு விலங்குகளும் நன்றாக அமைந்துள்ளன. வேறு நூல்களின் படங்களைப் பார்த்துச் செதுக்கிய அயல்நாட்டு விலங்குகளோ விறைப்பாக உள்ளன. கைத்திறன் எல்லாவற்றிலும் ஒன்றுதான். வேறுபடுவது நேரில் கண்ட அறிவு.

இக்காலத்தில் அவர் செதுக்கிய மற்றொரு புகழ்பெற்ற படம் சில்லிங்கம் காளை (1789). அவ்வூர்ப் பூங்காவில் காட்டு நிலையில் வாழ்ந்த வெள்ளை மாடுகளில் ஒன்றை, மார்மடியூக் டன்ஸ்டல் என்னும் சேகரிப்பாளருக்காக வழக்கத்தைவிடப் பெரிய கட்டையில் செதுக்கினார். சில படிகள் எடுப்பதற்குள் கட்டை பிளந்துவிட்டது. பிளவுக்கு முன் எடுத்த அந்தச் சில படிகள் சேகரிப்பாளர்களிடையே பெருமதிப்புப் பெற்றன.

பறவைகள்

அடுத்த நூல் பறவைகளைப் பற்றியது. யார்க்‌ஷயரில் விக்லிஃப் என்னும் இடத்தில் டன்ஸ்டல் அமைத்திருந்த அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட பறவைகள் மிகுதியாக இருந்தன. டன்ஸ்டல் மறைந்த பின், 1791-இல் பியூயிக் அங்கே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கி அவற்றை வரைந்தார்.

ஊர் திரும்பி, வரைந்தவற்றைச் செதுக்கத் தொடங்கியபோது, அப்போதுதான் இறந்த பறவைகளோடு அவற்றை ஒப்பிட்டார். பாடம் செய்தவர்கள் பஞ்சு அடைத்து உடலை உருமாற்றியிருந்தனர். கழுத்து நீண்டும், இறகுகள் இடம் மாறியும் இருந்தன. ஆகவே, இயன்ற இடங்களில் உயிருள்ள பறவையையோ புதிதாக வேட்டையாடப்பட்ட பறவையையோ பார்த்தே வரைவது என்று முடிவு செய்தார். வேட்டைக்காரர்களும் கப்பல் மாலுமிகளும் நண்பர்களும் அவருக்குப் பறவைகளை அனுப்பினர். ஒரு பறவை கிடைப்பதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இரண்டு மாத உழைப்பில் பெரும்பகுதியை ஒதுக்கிவைக்கவும் நேர்ந்தது. பதிப்பைத் தாமதப்படுத்திய இந்த முடிவே நூலின் மதிப்புக்குக் காரணமாயிற்று. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் பறவையை அடையாளம் காண முடிந்தது.

ஒரு படம் உருவான முறை

பியூயிக்கின் மூல வரைபடங்கள் பல நியூகாசிலில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு அவர் வேலை செய்த முறையை அறிய முடிகிறது. முதலில் கட்டையின் அளவிலேயே, காகிதத்தில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் படத்தை வரைவார். பிறகு காகிதத்தின் பின்புறம் கரியைத் தேய்த்து, அதைக் கட்டையின் மீது வைத்து, ஓரங்களைக் கீழ்ப்பக்கம் மடித்துப் பிடிப்பார். முக்கியமான எல்லைக் கோடுகளின் மீது கூர்முனையால் அழுத்தி வரையும்போது அவை கட்டையில் பதியும். எஞ்சியுள்ள அந்த ஓவியங்களில் மடிப்புத் தடங்களை இன்றும் காணலாம்.

கட்டையில் பதிவது எல்லைக்கோடு மட்டுமே. இறகின் வரிசை, நிழலின் ஆழம், பின்னணியின் மங்கல் ஆகியவற்றை உளியைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்தார். மணல் நிரப்பிய தோல் மெத்தையின் மீது கட்டையை வைத்து, வளைகோடுகளை வெட்டும்போது உளியை அசைக்காமல் கட்டையைத் திருப்புவது செதுக்குவோர் வழக்கம். அச்சில் படம் இடவலமாக மாறும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நீக்கிய மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. அக்காலத்தில் பெரும்பாலும் ஓவியர் ஒருவர் வரைய, மற்றொருவர் செதுக்குவார். பியூயிக் தாமே வரைந்து தாமே செதுக்கியதால், வரைதலின் பாதிப்பகுதி செதுக்கும்போதே நடந்தது.

அத்தியாய முடிவுச் சிறுபடங்கள்

ஒரு விலங்கு அல்லது பறவை பற்றிய குறிப்பு பக்கத்தின் நடுவிலேயே முடிந்துவிட்டால், எஞ்சிய வெற்றிடத்தைச் சிறு படத்தால் நிரப்புவது அச்சகத்தார் வழக்கம். பொதுவாக அங்கே பூங்கொத்து போன்ற அலங்காரம் இருக்கும். பியூயிக் அந்த இடத்தைக் கதை சொல்லப் பயன்படுத்தினார்.

பாலத்திற்குச் சுங்கம் கொடுக்க மனமின்றி, மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஒருவனின் தொப்பியைக் காற்று பறித்துச் செல்கிறது. மிச்சப்படுத்திய காசைவிடத் தொப்பியின் விலை அதிகம். இன்னொரு படத்தில், பெரியவர்கள் கவனிக்காத நேரத்தில் ஒரு குழந்தை குதிரைக் குட்டியின் வாலைப் பிடித்து இழுக்கிறது. வேறொன்றில், பனிமூடிய பாழ்வீட்டின் அருகே ஒரு தாய் ஆடு பசியால் துடைப்பத்தைக் கடிக்கிறது. பக்கத்தில் குட்டி நிற்கிறது. போரிலிருந்து கால் இழந்து திரும்பிய படைவீரர்கள், மழையில் நனையும் வழிப்போக்கர்கள், பனிமனிதன் செய்யும் சிறுவர்கள், தூக்குமரம் ஆகியவையும் இவற்றில் உண்டு. பறவை நூலை வாங்கிய பலரும் இந்தச் சிறுபடங்களையே முதலில் தேடிப் பார்த்தனர். சார்லட் பிராண்ட்டியின் 'ஜேன் ஐயர்' (1847) புதினத்தின் தொடக்கத்தில், சிறுமி ஜேன் சன்னலோரம் ஒளிந்து உட்கார்ந்து பார்க்கும் நூல் இந்தப் பறவை நூல்தான்.

நூல் யாருடையது?

விலங்கு நூலுக்கும் பறவை நூலின் முதல் தொகுதிக்கும் உரைப்பகுதியை எழுதியவர் பெய்ல்பி. அவற்றைப் படித்துத் திருத்தியவர், பறவைகளை நேரில் அறிந்த பியூயிக். முதல் தொகுதி அச்சாகும் வேளையில், நூலாசிரியர் என்று தம் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் போட்டுக்கொள்ளப் பெய்ல்பி விரும்பினார் என்று பியூயிக் தம் நினைவுக்குறிப்பில் கூறுகிறார். திட்டமிட்டதும், பறவைகளைத் தேடியதும், ஆண்டுக்கணக்கில் செதுக்கியதும் தாமாக இருக்க, படம் வரைந்தவர் வெறும் வேலையாள் ஆகிவிடுவதைப் பியூயிக் ஏற்கவில்லை. நண்பர்கள் தலையிட்டனர். இறுதியில் ஆசிரியர் பெயர் இன்றியே, படங்களை மரத்தில் செதுக்கியவர் பியூயிக் என்ற குறிப்புடன் நூல் வெளிவந்தது.

இருபது ஆண்டுக் கூட்டு இதனோடு முடிவுக்கு வந்தது. நீர்ப்பறவைகள் பற்றிய இரண்டாம் தொகுதிக்கு (1804) பியூயிக்கே உரையும் எழுதினார். பெட்லிங்டன் ஊர்ப் பாதிரியார் ஹென்றி கோட்ஸ் அதைச் செம்மைப்படுத்த உதவினார்.

எழுதுபவரே ஆசிரியர், வரைபவர் கூலிக்கு வேலை செய்பவர் என்பது அக்காலத்தின் பொது எண்ணம். பியூயிக்கின் நூல்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தலைகீழாயிற்று. பெய்ல்பியின் உரைக்காக யாரும் இன்று அந்நூல்களைத் தேடுவதில்லை. 1818-இல் ஈசாப் கதைகளை வெளியிட்டபோது, பியூயிக் ஒவ்வொரு படிக்கும் தம் கட்டைவிரல் ரேகை பதித்த பற்றுச்சீட்டை வழங்கினார். இது தம் வேலை என்பதற்கு அவர் காட்டிய அடையாளம் அது.

மாணவர்கள்

இதே கேள்வி பியூயிக்கின் பட்டறைக்கும் பொருந்தும். ராபர்ட் ஜான்சன், சார்ல்டன் நெஸ்பிட், லூக் கிளென்னெல், வில்லியம் ஹார்வி முதலியோர் அவரிடம் தொழில் பழகினர். சிறுபடங்கள் பலவற்றுக்கு ஜான்சன் ஓவியம் வரைந்தார். நீர்ப்பறவைத் தொகுதியின் சிறுபடங்களில் கணிசமானவற்றைக் கிளென்னெல் செதுக்கினார். தலைப்புப் பக்கத்தில் அவர்கள் பெயர் இல்லை. பழகுநரின் வேலை பட்டறைத் தலைவரின் பெயரில் வெளிவருவது அக்காலத் தொழில் முறை. பியூயிக்கின் மறைவுக்குப் பின், எந்தப் படம் யாருடையது என்பது குறித்து நீண்ட விவாதம் நடந்தது. தம் பெயருக்காக வாதாடிய ஒருவரின் பட்டறையிலும் பெயரில்லாத கைகள் இருந்தன என்பதை வரலாற்று மாணவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இறுதிக் காலமும் பின்விளைவும்

பியூயிக் 1786-இல் இசபெல்லா எலியட்டை மணந்தார். இவர்களுக்கு நான்கு மக்கள். 1812-இல் டைன் ஆற்றின் தென்கரையில் உள்ள கேட்ஸ்ஹெட்டில் குடியேறினார். 1822-இல் தொடங்கி எழுதிய நினைவுக்குறிப்பை, மகள் ஜேன் 1862-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1827-இல் அவரை நேரில் சந்தித்து, பின்னர் அமெரிக்கச் சிறுபறவை ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார். 1830-இல் வில்லியம் யாரெல் ஓர் அன்னப்பறவை இனத்திற்குப் பியூயிக் அன்னம் என்று பெயரிட்டார்.

அவருடைய கடைசிப் பெரும்பணி, மழையில் எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒரு கிழக்குதிரையின் படம். 'சாவுக்குக் காத்திருத்தல்' என்பது அதன் பெயர். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு எதிராக, ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் அச்சிட அவர் எண்ணினார். 1828 நவம்பர் 8 அன்று அவர் காலமானபோது அப்பணி முடிவு பெறாமல் இருந்தது. உடல் ஓவிங்கம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் நிலைநிறுத்திய குறுக்குவெட்டு மரச்செதுக்கு முறை, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படப் பத்திரிகைகளுக்கு அடிப்படையாக இருந்தது. 1841-இல் தோன்றிய 'பஞ்ச்', 1842-இல் தோன்றிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' ஆகிய இதழ்களின் படங்கள் இம்முறையில் உருவானவையே. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில், ஒரே அச்சில் வரும் மலிவான நூலும் இதழும் பொதுமக்கள் கைக்கு வந்தது இதனால்தான். ஆனால் அவ்விதழ்களின் பெரிய செதுக்குக் கூடங்களில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர் என்ற பழைய பிரிவினை திரும்பி வந்தது. ஒளிப்பட முறையில் செய்யப்பட்ட உலோக அச்சுக்கட்டைகள் பரவிய பின் அந்தத் தொழிலும் மறைந்தது.

செர்ரிபர்ன் வீடு இப்போது இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துள்ளது.